வயலுக்கடியில் எரிவாயுக் குழாய்
உழவரும் நெசவாளரும் அறிந்திருக்க வேண்டுவன

தேங்கிய சேற்றில் காலை வைத்தால் குமிழிகள் கிளம்பி உடைவதை உழவர் அனைவரும் கண்டிருப்பர். தழையும் வேரும் காற்றுப் படாமல் சேற்றுக்குள் மக்கும்போது உண்டாகும் வாயு அது. அதன் பெரும்பகுதி மீத்தேன். சாண எரிவாயுக் கலத்தில் திரட்டி அடுப்புக்குக் கொண்டுவருவதும் அதே மீத்தேன்தான். பூமிக்குக் கீழே மிக்க ஆழத்தில், கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பாறையின் நுண்துளைகளில் அடைபட்டுக் கிடக்கும் மீத்தேனையே இயற்கை எரிவாயு என்கிறோம்.

இவ்வாயு காவிரிப் படுகையில் பல்லாண்டுகளாக எடுக்கப்பட்டு வருகிறது. வெளியூர்களிலிருந்தும் குழாய் வழியாக வரும் காலம் தொடங்கிவிட்டது. அக்குழாய் யாருடைய வயலைக் கடக்கும், அதனால் நமக்கு ஆவது என்ன, இழப்பது என்ன, சட்டம் நமக்கு அளித்துள்ள உரிமை யாது என்பனவற்றை நம் சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். அந்நோக்குடனேயே இப்பாடத்தை எழுதுகிறோம்.

குழாய் ஏன் வேண்டும்?

நம் வீடுகளுக்குச் சிலிண்டரில் வரும் சமையல் வாயு வேறு. இயற்கை எரிவாயு வேறு. முன்னது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. சிறிது அழுத்தினாலே நீர்மமாகிக் கலத்துக்குள் அடங்கிவிடும். காற்றைவிடக் கனமானதாகையால், கசிந்தால் தரையோடு தவழ்ந்து தங்கும். மீத்தேனோ காற்றைவிட இலேசானது. கசிந்தால் மேலே எழும். சாதாரண வெப்பநிலையில் எவ்வளவு அழுத்தினாலும் அது நீர்மமாகாது. சுழியத்துக்குக் கீழே 162 டிகிரி வரை குளிரவைத்தால்தான் நீர்மமாகிப் பழைய கொள்ளளவில் அறுநூற்றில் ஒரு பங்காகச் சுருங்கும். கப்பலில் ஏற்றுவதற்கு இம்முறை ஏற்றது. ஊர்தோறும் வழங்குவதற்கு ஏற்றதன்று. ஆதலின் எடுத்த இடத்திலிருந்து எரிக்கும் இடம் வரை குழாய் போட்டாக வேண்டும். வாய்க்கால் இல்லாமல் ஆற்று நீர் வயலுக்கு வருமோ? அதுபோன்றதே இதுவும்.

நம் படுகையின் எரிவாயு

காவிரிப் படுகையில் எண்ணெயும் எரிவாயுவும் தேடும் பணியை எண்ணெய் இயற்கை எரிவாயு நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தொடங்கியது. 1980-களில் நரிமணம், கோவில்களப்பால் முதலிய இடங்களில் கிடைத்த பலனே இப்பகுதியை எண்ணெய் வரைபடத்தில் இடம்பெறச் செய்தது. காரைக்காலைத் தலைமையிடமாகக் கொண்டு இந்நிறுவனத்தின் காவிரிப் பிரிவு இயங்குகிறது. நாகப்பட்டினத்தை அடுத்த பனங்குடியில் 1993-இல் சுத்திகரிப்பு ஆலையொன்று நிறுவப்பட்டது.

கிணறுகளிலிருந்து வரும் வாயுவைக் கெயில் நிறுவனம் தன் குழாய்கள் வழியாக அண்மையிலுள்ள மின் நிலையங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அளித்து வந்துள்ளது. மன்னார்குடிப் பகுதியிலுள்ள திருமக்கோட்டையில் ஏறத்தாழ 108 மெகாவாட் திறனுடைய மின் நிலையமும், குத்தாலத்தில் 101 மெகாவாட் நிலையமும், காரைக்காலில் 32.5 மெகாவாட் நிலையமும் இவ்வாயுவை நம்பியே கட்டப்பட்டன.

இங்கு ஒரு கணக்கை மனத்தில் கொள்வோம். 100 மெகாவாட் நிலையம் ஒன்று ஒரு நாள் முழுதும் இடைவிடாது ஓட ஏறத்தாழ 5 இலட்சம் கன மீட்டர் வாயு வேண்டும். வீட்டுச் சிலிண்டர் ஒன்றின் வெப்பம் சுமார் 18 கன மீட்டர் இயற்கை வாயுவின் வெப்பத்துக்குச் சமம். ஆகவே அந்நிலையம் ஒரே நாளில் எரிப்பது இருபத்தேழாயிரம் சிலிண்டர்களுக்கு மேற்பட்ட வெப்பமாகும். கிணறுகளோ வற்றும் தன்மையுடையவை. தொடக்கத்தில் ஊற்றெடுத்துப் பாயும்; ஆண்டுகள் செல்லச் செல்ல அழுத்தம் குறைந்து வரத்தும் குறையும். எரிவாயு போதாமையால் நம் பகுதி மின் நிலையங்கள் முழுத் திறனுடன் ஓட இயலாமற்போன காலங்கள் உண்டு.

இவ்வாயு யாருக்கு உரியது என்னும் ஐயம் எழுவது இயல்பு. நிலத்தின் மேற்பரப்பு பட்டாதாரருக்கு உரியது. அடியிலுள்ள எண்ணெயும் எரிவாயுவும் அவருக்கு உரியன அல்ல. நிலப்பகுதியில் எடுக்கப்படும் எண்ணெய்க்கும் வாயுவுக்கும் உரிய ராயல்டித் தொகை மாநில அரசைச் சேருகிறது. கிணறு இருக்கும் ஊருக்கு அது நேரே வந்து சேருவதில்லை.

நம் தேவை எவ்வளவு?

நாம் எரிவாயுவை நேரில் காணாவிட்டாலும் நான்கு வழிகளில் அதைப் பயன்படுத்துகிறோம், அல்லது பயன்படுத்த இயலும்.

முதலாவது, மின்சாரம். மேட்டூர் நீர் தாமதிக்கும் ஆண்டுகளில் குறுவையைக் காப்பது மோட்டாரே. மின் தேவை திடீரென உயரும் மாலை வேளைகளில் விரைவில் இயக்கி விரைவில் நிறுத்தத்தக்கவை எரிவாயு நிலையங்கள். நிலக்கரி நிலையங்களை அவ்வளவு எளிதில் ஏற்றி இறக்க இயலாது.

இரண்டாவது, உரம். மீத்தேனிலுள்ள ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள நைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா செய்கின்றனர். அம்மோனியாவுடன் கரியமில வாயுவைச் சேர்த்து யூரியா செய்கின்றனர். மணலியிலுள்ள சென்னை உர நிறுவனம் 2019-இலும், தூத்துக்குடி ஸ்பிக் ஆலை 2021-இலும் நாப்தாவை விட்டு எரிவாயுவுக்கு மாறின. சம்பாப் பயிருக்கு நாம் இடும் மேலுரம் ஒரு வகையில் எரிவாயுவே என்று சொல்லலாம்.

மூன்றாவது, தொழிலுக்கு வேண்டிய வெப்பம். திருபுவனம் போன்ற பட்டு நெசவு ஊர்களில் பச்சைப் பட்டு நூலின் பசையைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் நீக்க வேண்டும். சாயத் தொட்டியோ கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, ஏற்ற இறக்கமின்றி நிற்க வேண்டும். சூடு தவறினால் நிறம் திட்டுத் திட்டாக விழும். பாவின் ஒரு பகுதிக்கும் மறுபகுதிக்கும் நிறம் ஒவ்வாது. விறகடுப்பில் இச்சூட்டை நிலையாக வைப்பது சாயக்காரரின் கைத்திறனையும் கண்ணெரிச்சலையும் பொறுத்தது. எரிவாயு அடுப்பில் ஒரு திருகைத் திருப்பினால் போதும். ஆனால் தனிப் பட்டறை ஒன்றுக்காக எவரும் குழாய் இழுத்துத் தரமாட்டார்கள். சங்கம் நடத்தும் பொதுச் சாயப்பட்டறைக்கு அதைக் கேட்டுப் பெற வாய்ப்புண்டு. நெல் அவிக்கும் ஆலைகளுக்கு உமி கையிலேயே கிடைப்பதால், அவற்றுக்கு இத்தேவை அவ்வளவு இல்லை.

நான்காவது, வீட்டு அடுப்பு. குழாய் வழியே வீடுகளுக்கு எரிவாயு வழங்கும் உரிமத்தைப் பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் மாவட்ட வாரியாக ஏலம் விட்டு அளிக்கிறது. காரைக்கால், நாகப்பட்டினம் மாவட்டங்களுக்கான உரிமம் 2018-இல் அளிக்கப்பட்டது.

அயலிலிருந்து வரும் வாயு

நம் நாடு பயன்படுத்தும் எரிவாயுவில் ஏறத்தாழப் பாதி கடல் கடந்து வருவது. அதைக் கப்பலிலிருந்து இறக்கி மீண்டும் வாயுவாக்கும் நிலையம் ஒன்று, ஆண்டுக்கு 50 இலட்சம் டன் திறனுடன், எண்ணூர் காமராசர் துறைமுகத்தில் 2019 மார்ச்சில் திறக்கப்பட்டது. அங்கிருந்து திருவள்ளூர், பெங்களூரு, புதுச்சேரி, நாகப்பட்டினம், மதுரை, தூத்துக்குடி ஆகிய ஊர்களைப் பெயரிலேயே தாங்கிய நெடுங்குழாய்த் திட்டத்தை இந்தியன் ஆயில் நிறுவனம் மேற்கொண்டது. அதன் மொத்த நீளம் 1,400 கிலோமீட்டருக்கு மேல். அதில் இராமநாதபுரம் முதல் தூத்துக்குடி வரையிலான 143 கிலோமீட்டர் பகுதி 2021 பிப்ரவரி 17 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

இறக்குமதியை மட்டும் நம்பியிருப்பதில் ஓர் இடர் உண்டு. 2022-இல் உக்ரேன் போர் மூண்டபோது உலகச் சந்தையில் எரிவாயு விலை விண்ணை முட்டியது. நம் ஊர் நூல் விலை பஞ்சுச் சந்தையை நோக்கி நிற்பதுபோல, குழாயில் வரும் வாயுவின் விலை அயல்நாட்டுச் சந்தையை நோக்கி நிற்கும். இதனை மறத்தலாகாது.

கிணறு வேறு, குழாய் வேறு

நம்மவரிடையே பெருங்குழப்பம் நிலவுவது இவ்விடத்தில்தான். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறோம்.

மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்க 2010-இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு உரிமம் அளிக்கப்பட்டது. நிலக்கரியில் மீத்தேனைப் பிடித்து வைத்திருப்பது நீரின் அழுத்தமே. அந்நீரை இடைவிடாது இறைத்து வெளியேற்றினால்தான் வாயு விடுபடும். நீரை நம்பி வாழும் மாவட்டத்தில் நிலத்தடி நீரை இறைத்துக் கொட்டுவது என்றால் உழவர் எவ்வாறு பொறுப்பர்? இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று இத்திட்டத்தை எதிர்த்தார்; அப்பணியில் இருந்தபோதே 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியில் காலமானார். 2015-இல் மாநில அரசு இத்திட்டத்துக்கு இடமில்லை என முடிவு செய்தது. 2017-இல் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் எழுந்த எதிர்ப்பு நாடறிந்தது. அதே ஆண்டு ஜூன் 30 அன்று தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் கச்சா எண்ணெய் பரவியது.

இவற்றின் விளைவாக 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களிலும் புதிதாக எண்ணெய், எரிவாயு தேடுவதையும் துளையிடுவதையும் எடுப்பதையும் அச்சட்டம் தடை செய்கிறது. பின்னர்ப் பிரிந்த மயிலாடுதுறை மாவட்டமும் இதில் அடங்கும்.

ஆனால் இரு விலக்குகளைக் கவனிக்க வேண்டும். சட்டம் வருமுன்பே நடந்துகொண்டிருந்த பணிகளை இது தொடாது. சாலை, மின்சாரம், துறைமுகம் போன்ற அடிப்படைக் கட்டமைப்புகளுடன் குழாய்ப் பாதையையும் இது தடுக்காது. வேளாண் மண்டலம் வந்துவிட்டது, இனி நம் வயலுக்குள் எவரும் வாரார் என்று வாளாவிருப்பவர் ஏமாற நேரும். புதிய கிணற்றுக்குத்தான் கதவு அடைக்கப்பட்டது, குழாய்க்கு அன்று.

1962-ஆம் ஆண்டுச் சட்டம்

நிலத்தை வாங்காமலே அதன் அடியில் குழாய் பதிக்கும் உரிமையை மட்டும் அரசு எடுத்துக்கொள்ள வழிசெய்வது 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்ப் பாதைகள் சட்டம். மேல்வாரம் ஒருவருக்கும் குடிவாரம் ஒருவருக்குமாக ஒரே நிலத்தில் இரு உரிமைகள் இருந்ததைத் தஞ்சை உழவர் அறிவர். இதுவும் அத்தகையதே: பட்டா நம்மிடம் இருக்கும், பயன்படுத்தும் உரிமையில் ஒரு பங்கு குழாய்க்குப் போய்விடும்.

அச்சட்டத்தின் முறை வருமாறு. எந்தெந்தப் புல எண்களில் குழாய் செல்லும் என முதலில் அரசிதழில் அறிவிக்கை வரும். அந்நிலத்தில் உரிமையோ நலனோ உடையவர் 21 நாளைக்குள் உரிய அதிகாரியிடம் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அதிகாரி விசாரித்து அறிக்கை அளித்தபின் அரசின் உறுதி அறிவிப்பு வரும். அதன் பிறகு தடுப்பது மிகக் கடினம். கொச்சியிலிருந்து பெங்களூரு செல்லும் கெயில் குழாயை விளைநிலங்களை விடுத்து நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு செல்லுமாறு மாநில அரசே 2013-இல் கேட்டது. ஏழு மேற்கு மாவட்ட உழவரின் கோரிக்கை அது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2016 பிப்ரவரியில் கெயிலுக்குச் சாதகமாகவே முடிந்தது. பாதை முடிவானபின் அதை மாற்றுவது எத்துணை அரிது என்பதற்கு இதுவே சான்று. ஆகவே அந்த 21 நாட்கள் பொன்னினும் அரியவை.

குழாய் பதித்தபின் அப்பட்டையில் முன்போல் பயிரிடலாம். ஆனால் கட்டடம் கட்டலாகாது, கிணறோ குளமோ வெட்டலாகாது, மரம் நடலாகாது. பெரிய குழாய்களுக்கு இப்பட்டையின் அகலம் 20 மீட்டரும் அதற்கு மேலும் இருக்கும். 100 மீட்டர் நீளமுள்ள வயலை 20 மீட்டர் அகலத்தில் கடந்தால் ஏறத்தாழ ஒன்றரை மா நிலம் கட்டுண்டுவிடும். நெல் வயலுக்கு இழப்பு ஒரு போகமாக இருக்கலாம். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்கோ நிலையான இழப்பு.

இழப்பீடு இரு வகைப்படும். பயிர், மரம், வரப்பு முதலியவற்றுக்கு நேர்ந்த சேதம் ஒன்று. அறிவிக்கை நாளன்று நிலத்தின் சந்தை மதிப்பில் நூற்றுக்குப் பத்து மற்றொன்று. தொகை போதாதெனில் மாவட்ட நீதிபதியிடம் முறையிடலாம். இவ்விழப்பீடு பட்டாதாரருக்கு மட்டும் உரியதன்று. நிலத்தை அனுபவித்து வந்த பிறருக்கும் உண்டு. கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்கு உழுவோர் நம்மிடையே மிகப் பலர். 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டத்தின்படி பெயர் பதிந்திராவிட்டால் அவர்கள் தம் உரிமையை எதைக் கொண்டு மெய்ப்பிப்பர்?

ஈர நிலத்தில் குழாய்

நம் மண்ணில் குழாய் பதிப்பது மேட்டு நிலத்தில் பதிப்பது போன்றதன்று. வாயு நிரம்பிய குழாய் இலேசானது. நீர் ஊறிய களிமண்ணில் அது தெப்பம்போல் மேலே எழ முற்படும். ஆதலின் நீர் தேங்கும் இடங்களில் குழாய்மேல் காங்கிரீட்டுப் போர்வை இட்டுக் கனமாக்குகின்றனர். வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு போன்ற ஆறுகளின் அடியில் கரையை வெட்டாமல் பக்கவாட்டுத் துளையிட்டுக் கொண்டு செல்லும் முறையும் உண்டு. கடற்கரையை அடுத்த உப்பு மண் இரும்பை விரைவில் அரிக்கும். அதைத் தடுக்கப் பூச்சும், சிறு மின்னோட்டம் கொண்ட காப்பும் வேண்டும்.

இக்காப்பு தவறினால் வருவது என்ன? ஆந்திரத்தின் கோதாவரிப் படுகையும் நெல் விளையும் பூமியே. அங்கு நகரம் என்னும் சிற்றூரில் 2014 ஜூன் 27 விடியற்காலையில் எரிவாயுக் குழாய் வெடித்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உலர்ந்த வாயுவுக்கென அமைந்த குழாயில் ஈரம் கலந்த வாயு சென்று, உள்ளிருந்தே இரும்பை அரித்திருந்தது. குழாய் இடும் அன்று மட்டுமன்றி, அது இருக்கும் காலமெல்லாம் விழிப்பு வேண்டும் என்பதே அவ்வூர் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

சங்கங்கள் செய்யத்தக்கன

தனியொருவர் அரசிதழைத் தேடிப் படிப்பதும் ஆட்சேபம் எழுதுவதும் அரிது. சங்கம் செய்தால் எளிது. கீழ்க்கண்டவற்றை ஒவ்வொரு சங்கமும் மேற்கொள்ளலாம்.

1. குழாய்ப் பாதை பற்றிய அறிவிக்கை வந்தவுடன் புல எண்களைச் சங்கப் பலகையில் எழுதி வைத்து, பாதிக்கப்படும் உறுப்பினரை ஒரு வாரத்துக்குள் கூட்டுதல்.

2. குத்தகைதாரர் பெயர்கள் பதிவேட்டில் உள்ளனவா எனப் பார்த்து, இல்லாதவற்றைப் பதியச் செய்தல்.

3. சம்பா அறுவடைக்குப் பின், ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கும் வழக்கமான நாளுக்கு முன், வேலையை முடிக்குமாறு எழுத்தில் கேட்டல். அவ்விடைக்காலத்து உளுந்து, பயறு இழப்பையும் கணக்கில் சேர்க்கக் கோருதல்.

4. மேல்மண்ணைத் தனியே அள்ளி வைத்து, கடைசியில் மேலேயே பரப்ப வேண்டும். அறுபட்ட வாய்க்காலும் வடிகாலும் பழைய மட்டத்துக்கே வர வேண்டும் என வற்புறுத்துதல். வடிகால் ஓரடி உயர்ந்தாலும் ஐப்பசி மழையில் அவ்வூர் வயல்கள் மூழ்கும்.

5. வேலைக்கு முன்னும் பின்னும் வயலைப் படம் எடுத்துத் தேதியுடன் சங்கத்தில் வைத்தல்.

6. குழாய்க் குறிகற்கள் உள்ள இடங்களையும், அவசரத் தொலைபேசி எண்ணையும் டிராக்டர், மண்வெட்டி இயந்திர ஓட்டுநர்களுக்கு அறிவித்தல்.

7. பொதுச் சாயப்பட்டறை, கூட்டுறவு ஆலை முதலியவற்றுக்கு எரிவாயு இணைப்பு வேண்டும் என உரிமம் பெற்ற நிறுவனத்திடமும் மாவட்ட ஆட்சியரிடமும் சங்கத் தீர்மானமாக அனுப்புதல்.

எரிவாயு வேண்டவே வேண்டாம் என்று சொல்வதும், வந்தால் எல்லாம் நன்றாகும் என்று சொல்வதும் எளிது. யூரியாவும் மின்சாரமும் வேண்டும் நாம் முன்னதைச் சொல்லவியலாது. மன்னார்குடியையும் கதிராமங்கலத்தையும் அறிந்த நாம் பின்னதையும் சொல்லவியலாது. குழாய் நம் வயலில் பல்லாண்டு தங்கப்போகும் குடியிருப்பாளன். அவனோடு வாய்ப்பேச்சில் நில்லாது, எழுத்தில், கணக்கில், ஒற்றுமையில் நிற்போம். நிலத்தைத் தந்த ஊருக்கு இருளும் அச்சமும், தொலைவிலுள்ள ஊருக்கு ஒளியும் வெப்பமும் என்னும் நிலை நேராமல் காப்பது நம் சங்கங்களின் கடமை.

படிப்பு வட்டத்திற்கு வினாக்கள்

1. மீத்தேனைச் சிலிண்டரில் சமையல் வாயு போல அடைக்க இயலாதது ஏன்?
2. 2020-ஆம் ஆண்டுச் சட்டம் எதைத் தடுக்கிறது? எதைத் தடுக்கவில்லை?
3. நம் ஊரில் குத்தகைப் பதிவு பெறாதோர் எத்தனை பேர்?
4. குழாய் நம் ஊரைக் கடப்பதாயின், எந்த வாய்க்காலும் வடிகாலும் அறுபடும்? வரைபடம் வரைக.
5. நம் சங்கத்தின் பட்டறையில் மாதம் எவ்வளவு விறகு செலவாகிறது? அதன் விலை யாது?